தொழில்நுட்பக் கடன்: யார் வாங்கியது, யார் கட்டுவது?

கேள்வி, 2024 பெப்ரவரி 4

வேலையில் சேர்ந்து எட்டு மாதம். எங்கள் டீமில் பிடிக்காத கோட் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: டெக் டெப்ட், அதாவது தொழில்நுட்பக் கடன். டெஸ்ட் இல்லாத ஃபைல், பழைய ஜாவா, போன வருடம் விலகிப் போனவர் எழுதிய விளங்காத கிளாஸ், எல்லாமே அதற்குள் வந்துவிடும். கடன் என்றால் யாராவது கேட்டு வாங்கியிருக்க வேண்டும் அல்லவா? இங்கே வாங்கியவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டச் சொல்வது மட்டும் என்னிடம். இதற்கு ஒழுங்கான வரைவிலக்கணம் ஏதும் உண்டா?

பெப்ரவரி 4, இரவு 10.15

உண்டு. குறுக்குவழியைத் தெரிந்து எடுத்தால் கடன், தெரியாமல் சேர்ந்தால் குப்பை.

கொழும்பு செட்டியார் தெருவில் தங்கக் காப்பை அடகு வைத்தால் ஒரு துண்டு தருவார்கள். எத்தனை பவுண், எவ்வளவு காசு, என்ன வட்டி, எந்தத் திகதிக்குள் மீட்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். துண்டும் இல்லை, காப்பும் இல்லை என்றால் அதற்குப் பெயர் அடகு இல்லை, தொலைத்துவிட்டோம் என்று அர்த்தம். உங்கள் டீம் லீட்டிடம் துண்டைக் கேளுங்கள். குறுக்குவழி எங்கே, ஏன் எடுத்தோம், எப்போது திருத்துவோம் என்று மூன்றும் எழுதிய ஏதாவது இருந்தால் சரி, அது கடன்தான், கட்டுங்கள். இல்லையென்றால் நீங்கள் செய்வது குப்பை அள்ளும் வேலை. அதற்குத் தனி மரியாதை கேளுங்கள்.

பெப்ரவரி 5, காலை

ஒருவர் கேட்கிறார்: 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கையே வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைக்கிறோம் என்றதே, நாமும் அப்படி அறிவிக்கலாமா? தாராளமாக. பிறகு மறுசீரமைப்புப் பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டி வரும். எங்கள் தொழிலில் அதற்கு ‘முழுதாகத் திரும்ப எழுதுவோம்’ என்று பெயர். நான் அப்படி இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் பழைய சிஸ்டம்தான் வென்றது.

பெப்ரவரி 5, இரவு

குப்பை வேறு, கடன் வேறு என்பதை மென்பொருள் எழுத்தாளர் ராபர்ட் மார்ட்டின் 2009இலேயே எழுதிவிட்டார், நீங்கள் அதை அடகுத் துண்டில் சுற்றித் தருகிறீர்கள் என்று ஒரு குற்றச்சாட்டு. உண்மைதான். எனக்குச் சொந்தம் காப்பு மட்டும்.

பெப்ரவரி 6, இரவு 11.40

சொந்தக் கதை ஒன்று சொன்னால்தான் நேராகும். கொஞ்சம் நீளம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடை. 2018இல் அவர்களுக்கு பில் போடும் சிஸ்டம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். கம்பனி வேலை முடிந்து வந்து இரவில் எழுதியது. அப்போது வற், அதாவது பெறுமதி சேர் வரி, 15 சதவீதம். நான் 15 என்றே கோடில் எழுதினேன். ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில். பில் அச்சடிக்கும் இடத்தில், விலைமனு போடும் இடத்தில், மாத அறிக்கையில். மாற வேண்டி வந்தால் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே, நான் மேலே சொன்ன கணக்குப்படி இது சுத்தமான கடன். தெரிந்தே எடுத்தது. துண்டு மட்டும் எழுதவில்லை.

2019 நவம்பர் கடைசி வாரம் அறிவித்தார்கள்: டிசம்பர் 1 முதல் வற் 8 சதவீதம். முதலாளி தொலைபேசியில், ‘தம்பி, ஒரு நம்பர்தானே, மாத்திவிடும்’ என்றார். நானும் ஒரு நம்பர்தானே என்று உட்கார்ந்தேன்.

15 என்று தேடினால் நூற்றுக்கு மேல் விழுந்தது. காகிதத்தின் ஓரம் 15, எழுத்தின் அளவு 15, ஒரு பக்கத்துக்கு 15 வரிசை, எல்லாம் 15. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினேன். நடுச்சாமம் தாண்டியதும் பார்ப்பது குறைந்து மாற்றுவது கூடிவிட்டது. மறுநாள் கடையில் இருந்து அழைப்பு: பில் எல்லாம் எட்டு வரிசையோடு அடுத்த பக்கத்துக்குப் பாய்கிறது. பக்கத்துக்கு 15 வரிசை என்று இருந்ததை வற் என்று நினைத்து 8 ஆக்கியிருக்கிறேன். டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அன்று முழுவதும் அழுதிருக்கிறது.

அது சிரிப்புக்கு. மற்றது சிரிப்பு இல்லை. வரியோடு சேர்த்த விலையில் இருந்து வரியை மட்டும் பிரித்தெடுக்க 15ஐ 115ஆல் வகுக்க வேண்டும். அதை ஒரு இடத்தில் நான் முன்கூட்டியே வகுத்து 0.1304 என்று எழுதி வைத்திருந்தேன். 15 என்று தேடினால் அது எப்படி அகப்படும்? டிசம்பர் மாத அறிக்கை அந்த 0.1304ஓடேயே போனது. ஜனவரியில் கடைக்குக் கணக்குப் பார்க்கும் அக்கா கண்டுபிடித்தார். கல்குலேட்டரில்.

அதற்குப் பிறகு வெட்கப்பட்டு வரி வீதத்தை ஒரே இடத்துக்கு, செட்டிங்ஸ் பக்கத்துக்குக் கொண்டு வந்தேன். 2022 ஜூன் 1 அன்று 12 ஆனது. பெட்ரோல் இல்லாத காலம், வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு ரயிலில் தொங்கிக்கொண்டு போய் ஒரு நம்பரை மாற்றிவிட்டு வந்தேன். செப்டெம்பர் 1 அன்று திரும்ப 15. அதை முதலாளியே மாற்றினார். இந்த ஜனவரி 1 அன்று 18. அதையும் அவரே. கடன் கட்டி முடிந்தது.

இதைத்தான் சொல்ல வந்தேன்: தெரிந்து எடுத்தேன், வட்டி கட்டினேன், முதலையும் கட்டினேன். வரைவிலக்கணம் இவ்வளவுதான்.

பெப்ரவரி 7

‘மாறும் என்று 2018இல் தெரியாதா? 2016இலேயே வற் 11இல் இருந்து 15க்கு ஏறி, உயர் நீதிமன்றம் நிறுத்தி, திரும்ப 11க்கு இறங்கி, நவம்பரில் மறுபடி 15 ஆனதே’ என்று கேட்டவருக்கு: ஐயா, தெரியும். அந்த வருடம் நான் வேறொரு இடத்தில் அதே நம்பரை மூன்று தடவை மாற்றியவன். அதற்குப் பிறகும் 2018இல் 15 என்று எழுதினேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெப்ரவரி 9, இரவு

6ஆம் திகதி எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். கிடக்கட்டும். ஆனால் ‘கடன் கட்டி முடிந்தது’ என்ற வரி பொய்.

இன்று கடைக்குப் போயிருந்தேன். அக்கா ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். டிசம்பரில் ஒரு வாடிக்கையாளருக்கு 10,000 ரூபா சாமான் விற்றிருக்கிறது. வற் 15, மொத்தம் 11,500. ஜனவரியில் அது பழுது என்று திருப்பிக் கொண்டு வந்திருக்கிறார்கள். என் சிஸ்டம் போட்ட வரவுக் குறிப்பில், அதாவது திருப்பிக் கொடுக்கும் தொகைக்கான துண்டில், 11,800 என்று இருக்கிறது. ஏனென்றால் செட்டிங்ஸில் இப்போது 18. விற்கும்போது வாங்காத 300 ரூபாவைத் திருப்பிக் கொடுக்கிறோம். அக்கா அதன் மேல் நீலப் பேனாவால் வெட்டி 11,500 என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைச் சின்னதாக வைத்திருந்தார்.

‘இது எத்தனை நாளாக நடக்குது அக்கா?’

‘2019இல் இருந்து. அப்ப 15க்கு வித்தது 8இல் திரும்பி வந்தது. வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தார்.’

‘எனக்குச் சொல்லேல்லையே?’

‘நீர் பாவம், ராவில வேலை செய்யிற ஆள். பேனாவால வெட்டினால் முடிஞ்சுது.’

ஃபைலில் இப்படி எத்தனை என்று எண்ணத் தொடங்கி நாற்பதோடு நிறுத்திவிட்டேன். வரி மாறிய ஒவ்வொரு தடவையும் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு அவர் மாலையில் அரை மணி நேரம் கூடுதலாக இருந்து இதைச் செய்திருக்கிறார். வட்டி கட்டியது நான் என்று எழுதினேனே. நான் கட்டியது இரண்டு இரவு. மீதியைக் கட்டியவர் அவர். அவருக்குக் கடன் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

பெப்ரவரி 10, காலை

நேற்றையதன் தொடர்ச்சி. தூக்கம் வரவில்லை.

15 என்று பல இடத்தில் எழுதியது சோம்பல்தான், அதைக் கட்டிவிட்டேன். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. ‘வற் என்பது ஒரு நம்பர்’ என்ற எண்ணம். அது பிழை. வற் என்பது எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதிவரை எந்த நம்பர் என்ற ஒரு பட்டியல். செட்டிங்ஸ் பக்கத்துக்குக் கொண்டு வந்தபோது அந்தப் பிழையான எண்ணத்தை அழகாக ஒரே இடத்தில் வைத்துப் பெட்டி போட்டு மூடினேன், அவ்வளவுதான்.

இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்திய வார்ட் கனிங்ஹாம் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது. 1992இல், வைகேஷ் என்ற முதலீட்டுக் கணக்கு மென்பொருளை ஸ்மோல்டோக் என்ற நிரல் மொழியில் எழுதிய அனுபவத்தை ஒரு மாநாட்டு அறிக்கையில் எழுதியபோது வந்த உவமை அது. நிதித் துறைக்கான மென்பொருள் என்பதால் கடன் என்று சொன்னால் மேலே இருப்பவருக்கு இலகுவில் விளங்கும். 2009இல் ஒரு காணொளியில் அவரே திரும்ப விளக்கினார்: மோசமாக எழுதிவிட்டுப் பிறகு திருத்தலாம் என்று நான் சொல்லவில்லை, இன்றைக்கு எவ்வளவு விளங்கியிருக்கிறதோ அதை ஒழுங்காக எழுது, வெளியே விடு, விளக்கம் கூடும்போது கோடையும் அந்த விளக்கத்துக்கு ஏற்ற மாதிரி மாற்று. மாற்றாமல் விட்டால் விளங்கியதற்கும் எழுதியிருப்பதற்கும் இடையில் விழும் இடைவெளிதான் கடன்.

அதன்படி பார்த்தால் ‘தெரிந்து எடுத்தால்தான் கடன்’ என்ற என் பெரிய வசனம் நிற்காது. எடுக்கும்போது தெரியாது. தெரிய வந்த நாளில் இருந்துதான் அது கடன். எனக்கு அது நேற்றில் இருந்து. அக்காவுக்கு 2019இல் இருந்து.

பெப்ரவரி 10, மத்தியானம்

மார்ட்டின் ஃபவுலர் என்ற இன்னொரு மென்பொருள் எழுத்தாளரின் நான்கு கட்டத்தை மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். தெரிந்தா தெரியாமலா, பொறுப்போடா பொறுப்பில்லாமலா என்று 2009இல் அவர் வரைந்தது. ‘எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது’ என்பது நாலாவது கட்டம். ஆம், நான் அங்கேதான் நிற்கிறேன் என்று பெருமையாகச் சொல்லலாம் என்று பார்த்தால், 0.1304 என்னைப் பொறுப்பில்லாத கட்டத்துக்கு இழுக்கிறது. ஒரே ஃபைலுக்குள் நான்கு கட்டத்திலும் நிற்கிற ஆளுக்கு அந்தப் படத்தால் பெரிய பிரயோசனம் இல்லை.

பெப்ரவரி 12

அடையாள அட்டை இலக்கத்தை உதாரணமாகக் கேட்டவருக்கு. அது நல்ல இடம், ஏனென்றால் மூன்று வேறு வியாதி ஒரே படுக்கையில் கிடக்கும்.

நான் முன்பு வேலை செய்த ஒரு இடம். ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், மொத்தம் பத்து இடம் என்று டேட்டாபேஸில் இருந்தது. 2016இல் புதிய இலக்கம் பன்னிரண்டு ஆனது. இது கடனா? என் எண்ணத்தில் இல்லை. அது மழை. குடை இல்லாமல் போனோம். ஆனால் அந்தப் பத்து இடம் சரியா என்று பார்க்கும் கோடை சிஸ்டத்தின் பதினொரு வெவ்வேறு இடத்தில் ஒட்டி வைத்திருந்தோம், அது கடன். நான் ஒட்டியதும் அதில் உண்டு.

மூன்றாவது வெறும் பிழை. இலக்கத்துக்குள் பிறந்த நாள் இருக்கிறது: வருடத்தின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கம், பெண் என்றால் அதோடு 500. அந்தக் கணக்கில் எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள். மார்ச் 1 எப்போதும் 61. நான் அது தெரியாமல் சாதாரண காலண்டரில் எண்ணினேன். அதனால் லீப் வருடத்தில் பிறக்காத, மார்ச்சில் இருந்து டிசம்பர் வரை பிறந்த வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஒரு நாள் பிந்தி பிறந்தநாள் வாழ்த்து எஸ்எம்எஸ் போனது. எட்டு மாதம். ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. சொந்தக்காரரே ஒரு நாள் பிந்தி வாழ்த்துகிற ஊர்.

பிழையைத் திருத்தினால் முடிந்தது. அதை ‘கடன்’ என்று ஸ்பிரின்ட் வேலைப் பட்டியலில் எழுதி வைத்தால் திருத்துவதைத் தள்ளிப் போடத்தான் வழி செய்கிறோம். தம்பி, உங்கள் டீமில் அந்தப் பெயருக்குள் எத்தனை பிழை ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.

பெப்ரவரி 13

‘தொடாத கோடுக்கு வட்டி இல்லை, அப்படியே விடலாம்’ என்ற கருத்தோடு முக்கால்வாசி உடன்படுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சரக்கறையில் விபி 6 என்ற பழைய நிரல் மொழியில் எழுதிய ஒன்று இன்றும் ஓடுகிறது. யாரும் தொடுவதில்லை, அதுவும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

கால்வாசி உடன்படாததற்குக் காரணம் நைட் கெப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கப் பங்குச் சந்தை. பல வருடமாகப் பயன்படுத்தாத ஒரு பழைய பகுதியை அழிக்காமல் விட்டிருந்தார்கள். அதை எழுப்பும் கொடியை (flag, கோடுக்குள் இருக்கும் ஒரு சுவிட்ச் மாதிரி) புதிய வேலை ஒன்றுக்குத் திரும்பப் பயன்படுத்தினார்கள். எட்டு சேர்வரில் ஒன்றுக்கு மட்டும் புதிய கோட் போகவில்லை. அந்த ஒன்றில் பழையது விழித்துக்கொண்டது. 45 நிமிடத்தில் 440 மில்லியன் டொலருக்கு மேல் நட்டம். தூங்குகிற கடன் வட்டி கேட்காது என்பது, யாரும் அதைத் தட்டி எழுப்பாத வரைக்கும்.

பெப்ரவரி 18, ஞாயிறு

இழை கொஞ்சம் திசை மாறுகிறது, பரவாயில்லை.

‘மேனேஜரிடம் எப்படிச் சொல்வது’ என்று பலர் கேட்டீர்கள். நான் முதலாளியிடம் சொல்லப் போனேன். பெரிய தயாரிப்போடு போனேன், கடன் என்றால் பயப்படுவார், உடனே சம்மதிப்பார் என்று. ‘முதலாளி, இந்த சிஸ்டத்தில் ஒரு கடன் இருக்கு’ என்றேன்.

சிரித்தார். ‘கடன் இல்லாமல் ஆர் தம்பி இந்தத் தெருவில வியாபாரம் செய்யிறது?’ என்று மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். உள்ளே செக்குகள். எல்லாம் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று திகதி போட்டவை. வர வேண்டியது ஒரு கட்டு, கொடுக்க வேண்டியதன் அடிக்கட்டை இன்னொரு கட்டு, இரண்டுக்கும் வெவ்வேறு நிற ரப்பர் வளையம். ‘சரி, எவ்வளவு? எந்தத் திகதிக்கு?’

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஆட்கள் கடன் என்று சொல்லும்போது அதில் ஒரு பாவ மன்னிப்புத் தொனி இருக்கும். அவருக்குக் கடன் என்பது ஒரு தொகை, ஒரு திகதி, ஒரு கையெழுத்து. அது மூன்றும் இல்லாமல் நான் ஒரு சொல்லை மட்டும் கொண்டு போயிருக்கிறேன்.

யோசித்துவிட்டு, ‘இரண்டு விடுமுறை நாள் வேலை. செய்யாவிட்டால் வரி மாறுகிற ஒவ்வொரு தடவையும் அக்காவின் இரண்டு மாதத்து மாலை நேரம்’ என்றேன். ‘இதை முதலே சொல்லியிருக்கலாமே’ என்றார்.

பெப்ரவரி 19

‘அப்படியானால் 4ஆம் திகதி சொன்ன அடகுத் துண்டு சரிதானே?’ என்று கேட்டவருக்கு: பாதி சரி. துண்டு இல்லாததால் கடன் இல்லை என்று ஆகாது. யாரோ துண்டு இல்லாமல் கட்டிக்கொண்டிருப்பார். துண்டு எழுதுவது அந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க.

பெப்ரவரி 23, போயா

பௌர்ணமி விடுமுறை. காலையில் இருந்து உட்கார்ந்து வரிப் பட்டியலைக் கட்டினேன். 2016 நவம்பர் 1, 2019 டிசம்பர் 1, 2022 ஜூன் 1, 2022 செப்டெம்பர் 1, 2024 ஜனவரி 1 என்று ஐந்து வரிசை, ஒவ்வொன்றுக்கும் அதன் வீதம். வரவுக் குறிப்பு இனி இன்றைய வீதத்தைப் பார்க்காது, மூல பில்லின் திகதியைப் பார்க்கும். எழுத்து வேலை ஒன்றரை மணி நேரம்தான். மீதி நாள் முழுக்க அக்காவின் ஃபைலில் இருந்து பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அவர் நீலப் பேனாவால் எழுதிய தொகை வருகிறதா என்று பார்ப்பதற்குப் போனது. நாற்பத்தேழு. நாற்பத்தாறு சரியாக வந்தது. ஒன்றில் அவர் பிழை விட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டுத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். பிழை என்னுடையது.

பெப்ரவரி 24

புதிதாக ஒரு கடன் எடுத்திருக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். வீதத்துக்குத் திகதி போட்டேன், வரி விலக்குக்குப் போடவில்லை. சென்ற வருடம் விலக்கில் இருந்த சில சாமான்கள் இந்த ஜனவரியில் வரிக்குள் வந்துவிட்டன. அதைச் சாமான் பட்டியலில் கையால் மாற்றியிருக்கிறோம். டிசம்பரில் வரி இல்லாமல் விற்றது இனித் திரும்பி வந்தால் சிஸ்டம் அந்தத் திகதிக்குரிய 15 போடும். பெரும்பாலானது ஏற்கெனவே திரும்பி முடிந்துவிட்டது என்று அக்கா சொன்னதால் இப்போதைக்கு விட்டேன். அவர் சொன்னதை நம்பி எடுத்த கடன், வந்தால் கட்டப்போவதும் அவர். அதனால் அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

மார்ச் 8, சிவராத்திரி

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருந்தார். டெக் டெப்ட் டிக்கெட்டுகள் முப்பத்தொன்றையும் உட்கார்ந்து பிரித்தாராம். ஒன்பது வெறும் பிழை. பதினான்கு ஒருவருக்கும் பிடிக்காத கோட், ஆனால் அதனால் யாருக்கும் ஒன்றும் இல்லை. மிச்சம் எட்டில் ஆறுக்கு வட்டி கட்டுவது சப்போர்ட்டில் இருக்கும் இரண்டு பெண்கள். லீட்டிடம் அவர்களைக் கூட்டத்துக்கு அழைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் இல்லையாம்.

என் பக்கம்: வரி விலக்குக் கடனை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போய் முதலாளியிடம் கொடுத்தேன். என்ன விட்டேன், வந்தால் யாருக்கு என்ன வேலை, ஜூன் 30க்குள் முடிப்பேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். லாச்சியை இழுத்து, கொடுக்க வேண்டிய கட்டா வர வேண்டிய கட்டா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

‘திகதி போட்டிருக்கிறீர். கையெழுத்து எங்க?’

போட்டேன். வர வேண்டிய கட்டோடு வைத்து ரப்பர் வளையத்தை மாட்டினார்.